மாசாணம் அடைகாத்த கதை

அந்தக் காலத்தில் குளத்து உயிர்கள் எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. மீன் குறைவாகப் பேசும். நத்தை நிறுத்தி நிறுத்திப் பேசும். தவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இன்றுவரை ஓயவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில், ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேரும் ஒரு பெரிய குளத்தில், மாசாணம் என்ற இலைக்கோழியும் அவன் பெண்டாட்டி ஆவுடையும் குடியிருந்தார்கள். இலைக்கோழிக்குக் கால்விரல் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அந்த விரல்களை விரித்து வைத்து அல்லி இலை மேலும் தாமரை இலை மேலும் அது பாட்டுக்கு நடந்து போகும், இலை அமிழாது. பிடரியில் பொன் நிறம், பின்னால் வளைந்து தொங்கும் நீண்ட கறுத்த வால். மாசாணத்துக்கு அந்த வாலில் பெருமை அதிகம்.

அப்போது இலைக்கோழிகளிலும் பெண்தான் அடைகாக்கும். ஆண் தங்கள் எல்லையைச் சுற்றிக் காவல் காக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பு ஒரே பருமன். இதெல்லாம் எப்படி மாறியது என்பதுதான் கதை.

மாசாணம் நல்லவன். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் அவனுக்கு வேலை செய்வதைவிடச் செய்த வேலையைச் சொல்லிக் காட்டுவது கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வருவான், பக்கத்து இலையில் ஏறி நின்று ஒரு பெருமூச்சு விடுவான், பிறகு ஆரம்பிப்பான். காக்கையை விரட்டியது, பருந்தைக் கண்டு சத்தம் கொடுத்தது, கரையோரம் கால் கடுக்க நின்றது என்று ஒன்று விடாமல் வரும். ஆவுடை முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். அவள் தன் பகல் எப்படிப் போனது என்று சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. உட்கார்ந்திருப்பதில் கேட்க என்ன இருக்கிறது?

இரண்டு விஷயங்கள் மட்டும் அவனுக்குப் புரியாமல் இருந்தன. ஒன்று, மாலையில் திரும்பும்போது வீடு விட்ட இடத்தில் இருப்பதாகவே தோன்றாது. காலையில் அந்தப் பெரிய தாமரைக்குக் கிழக்கே விட்டுப் போன மாதிரி இருக்கும், வந்து பார்த்தால் வடக்கே இருக்கும். கண் மங்குகிறதோ என்று பயந்து அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்று, ஆவுடையின் தாடைக்குக் கீழே இறகு தேய்ந்து தோல் தெரிந்தது. வயசாகிறது போல என்று நினைத்துக்கொண்டான். தன் வயசும் அதுதான் என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் இருவரும் பேசாத விஷயம் ஒன்றும் இருந்தது. போன வருஷத்து முட்டைகள். கோரைக்குள் குடியிருந்த சுடலை என்ற நீலத் தாழைக்கோழி அவற்றைத் தின்றுவிட்டது. சுடலைக்கு நீல உடம்பு, சிவந்த தடித்த மூக்கு, வாயில் தேன் ஒழுகும் பேச்சு. அன்றைக்கு மாசாணம் கரையில் யாரோடோ பேச்சு சுவாரசியத்தில் நின்றுவிட்டான். திரும்பி வந்தபோது ஆவுடை வெறும் கூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அவனுக்கு மனசு ஆறியிருக்கும். கேட்காததால்தான் தினமும் தன் காவலைப் பற்றி இத்தனை நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் பாவம்.

இந்த வருஷம் மறுபடியும் நாலு முட்டை. பழுப்பு நிறத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, பம்பரத்தின் வடிவம். இதுவும் போனால் இன்னொரு முறை தன்னால் தாங்க முடியாது என்று ஆவுடைக்குத் தெரியும். மாசாணத்துக்கும் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை அவனுக்கு வீட்டுக்கு வழியே தெரியவில்லை. அல்லிக் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். பக்கத்துக் குடித்தனம் வடிவு, அவள் ஒரு நாமக்கோழி, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம் போட்டவள், இதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். வீடு வந்து சேர்ந்தபோது மாசாணத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. ஏன் இன்றைக்கு இவ்வளவு நேரம் என்று ஆவுடை கேட்டாள். கேட்டது அவ்வளவுதான்.

“ஏளா, நாள் பூரா ஒரே இடத்துல சொகமா உக்காந்திருக்கவளுக்கு நேரத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்றான்.

ஆவுடை ஒரு முட்டையை மூக்கால் திருப்பி வைத்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “சரி. நாளைக்கு அந்தச் சொகத்தை நீங்க அனுபவிங்க. நான் காவலுக்குப் போறேன்.”

அவன் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பான். ஆனால் வடிவு கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே, தாராளமாகப் போ, எனக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டான்.

விடிந்ததும் ஆவுடை எழுந்தாள். முட்டைகளை அவ்வப்போது திருப்ப வேண்டும் என்றாள். வெயில் ஏறினால் இறக்கையை நனைத்து நிழல் பிடிக்க வேண்டும் என்றாள். “அப்புறம் இதுதான் முக்கியம். கூட்டுக்கு அடியில ஈரம் தட்டுதான்னு கவனிச்சு...” என்று அவள் தொடங்கும்போதே, தனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் இறக்கையை ஆட்டி அவளை அனுப்பினான். அவள் இரண்டு இலை தாண்டி நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவனை அல்ல, முட்டைகளை. பிறகு போனாள்.

உட்காரும் வேலை ஆரம்பமானது. முதலில் அந்த நீளமான விரல்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடித்தால் முட்டையில் இடித்தன, நீட்டினால் தண்ணீரில் தொங்கி மீன்கள் கடித்தன. வாலைப் பின்னால் விட்டால் நனைந்தது, தூக்கிப் பிடித்தால் இடுப்பு வலித்தது. ஒருவழியாக அமர்ந்ததும் பசித்தது. மூக்குக்கு எட்டாத தூரத்தில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்து அவனையே பார்த்துவிட்டுப் போனது. வெயில் ஏறி, இறக்கையை நனைத்துப் பிடித்தான். தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஆவுடைக்கு இப்படி வலித்திருக்குமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அவளுக்குப் பழகியிருக்கும் என்று அதை அடக்கினான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டான். கூடு நகர்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. இலைக்கோழியின் கூடு என்பது பாசியும் நீர்க்கொடியும் கூட்டிப் போட்ட ஒரு சின்ன மெத்தை, அவ்வளவுதான். காற்றடித்தால் இலையோடு சேர்ந்து அசையும். அசைந்தால் முட்டை உருளும். முட்டை உருண்டால் எழுந்து சரிசெய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து அவனுக்கு அலுத்துப்போனது. அப்போதுதான் அவன் மூளையில் அந்த யோசனை உதித்தது. இத்தனை நாளும் ஆவுடைக்கு இது தோன்றாமல் போனதை நினைத்து அவனுக்கு அவள் மேல் இரக்கம்கூட வந்தது.

நல்ல முற்றிய நீர்க்கொடியாகப் பார்த்து இழுத்தான். கூட்டின் ஒரு பக்கத்தில் கோர்த்தான். பக்கத்தில் தண்ணீருக்கு மேலே விறைத்து நின்ற தடித்த தாமரைத் தண்டில் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினான். மறுபக்கம் இன்னொரு தண்டிலும் கட்டினான். காற்று அடித்தது, கூடு அசையவில்லை. மாசாணம் அதன் நடுவில் பண்ணையார் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான்.

வடிவு நீந்திக்கொண்டு வந்தாள். “என்ன அண்ணாச்சி, பேறுகாலம் எல்லாம் சொகமா?” என்று விசாரித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை. அவள் போகிற போக்கில், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறதாம், கால்வாய் மடையைத் திறந்துவிட்டார்களாம், தவளைகள் எல்லாம் ஒரே கொண்டாட்டமாம், பார்த்து இருந்துகொள்ளுங்கள் என்றாள்.

“வரட்டும். என் வீடு கட்டிப் போட்ட வீடு. எங்கயும் போகாது” என்றான் மாசாணம்.

அவன் சொன்னது முழுக்க உண்மை. எங்கேயும் போகாது என்பதுதான் சங்கடம்.

பிற்பகல் வெயிலில் கண் செருகியது. தூரத்துக் கரையில் ஏதோ ஒரு பறவை ஆங்காரமாகக் கத்துவது அரைத் தூக்கத்தில் கேட்டது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள், நல்ல தொண்டை என்று நினைத்தபடி தூங்கிப்போனான்.

வயிறு சில்லென்றதும் விழித்தான். சுற்றிலும் இருந்த அல்லி இலைகள் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து மிதந்தன. அவன் கூடு மட்டும் கட்டிய இடத்திலேயே நின்று தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. முட்டைகளின் பாதி உடம்பு நீரில் இருந்தது. அவன் பாய்ந்து முடிச்சைக் கொத்தினான். நனைந்த கொடி இன்னும் இறுகியிருந்தது. தன் வாழ்நாளில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த முடிச்சாகத்தான் இருக்கும்.

ஆவுடையைக் கூப்பிட வாயைத் திறந்தான். அப்போதுதான் அவளைப் பார்த்தான். குளத்தின் எதிர்க்கரையில், கோரைக்கு முன்னால், சுடலைக்கு நேர் எதிரே அவள் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். சுடலை அவளைப் போல மூன்று மடங்கு இருந்தது. அது ஒரு அடி எடுத்து வைக்க, அவள் இறக்கை முள்ளால் அதன் நெற்றியில் அடித்தாள். இலைக்கோழிக்கு இறக்கை மடிப்பில் ஒரு கூரிய முள் உண்டு. மாசாணம் தன் முள்ளை முதுகு சொறிய மட்டும்தான் பயன்படுத்தியிருந்தான். ஆங்காரமாகக் கத்திய அந்தப் பறவை யார் என்று அவனுக்கு இப்போது விளங்கியது.

கூப்பிட்டால் அவள் திரும்புவாள். அவள் திரும்பினால் அவள் முதுகுக்குப் பின்னாலேயே சுடலை வரும். போன வருஷம் வெறும் கூட்டின் முன்னால் அவள் நின்ற நிற்பு அவன் கண் முன்னால் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

பிறகு அவன் செய்ததை அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு முட்டையைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். அப்படி இடுக்கிக்கொண்டால் முன்னால் பார்த்து நடக்க முடியாது. பின்பக்கமாகவே நடந்தான். இலை இலையாகக் காலால் தடவித் தடவி, மிதக்கிற ஒரு பெரிய இலையைக் கண்டுபிடித்து இறக்கி வைத்தான். திரும்பி ஓடினான். பின்னால் நடக்கும்போது தன் அருமை வாலையே மிதித்து விழப்பார்த்தான், இறகு இரண்டு பிய்ந்து போயிற்று. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது முட்டை. மூன்றாவது முட்டை. தாடைத் தோல் உரிந்து எரிந்தது.

நாலாவதுக்கு வந்தபோது கூடு முழுவதும் அமிழ்ந்துவிட்டது. முட்டை மிதந்து கால்வாய்த் தண்ணீரின் இழுப்பில் போய்க்கொண்டிருந்தது. தாடையில் இடுக்க நேரமில்லை. தண்ணீரில் குதித்து, ஒரு இறக்கையை அதன் மேல் போட்டு விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். ஒற்றை இறக்கையால் துழாவி, மூச்சு வாங்க, எப்படியோ இலையில் ஏறினான். மற்ற மூன்றையும் பாசியால் மூடி அவற்றின் மேல் படுத்தான். நாலாவது சில்லிட்டுக் கிடந்தது. அதை மட்டும் கீழே வைக்க மனம் வரவில்லை. இறக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. போய்விட்டது, நான்தான் கொன்றேன் என்று நினைத்தான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, விலா எலும்பில் ஏதோ ஒன்று தட்டியது. அவன் அசையாமல் இருந்தான். மறுபடியும் ஒரு தட்டு. ஓட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. முட்டைக்குள் ஒரு உயிர் இருக்கும் என்பது அவனுக்கு அதுவரை தெரிந்த செய்திதான். ஆனால் அதை உடம்பால் கேட்டது அன்றுதான். மாசாணம் அழுதான். வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் பற்றியும் அவன் கவலைப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஆவுடை திரும்பினாள். நேராகப் பழைய இடத்துக்குப் போனாள். அங்கே தண்ணீரும், தண்டில் கட்டிய கொடியின் நுனியும் மட்டும் இருந்தன. அவள் அப்படியே நின்றுவிட்டாள். போன வருஷம் நின்ற அதே நிற்பு. அதைப் பார்த்ததும் மாசாணத்தின் தொண்டையிலிருந்து அவனுக்கே பழக்கமில்லாத ஒரு குரல், பூனை கூப்பிடுவது போல, நீளமாகக் கிளம்பியது.

“ஏளா, இங்கன இருக்கோம். அஞ்சு பேரும் இருக்கோம்.”

அவள் பறந்து வந்தாள். அவன் எதையும் மறைக்கவில்லை. தான் கட்டியதையும், தூங்கியதையும், தண்ணீர் ஏறியதையும் சொன்னான். அன்று காலையில் இருந்த மாசாணமாக இருந்தால் தண்ணீரைத்தான் முதலில் குறை சொல்லியிருப்பான். அவள் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் இறக்கையை விலக்கி நாலாவதையும் பார்த்தாள். பிறகு உரிந்துபோன அவன் தாடையைப் பார்த்தாள். தேய்ந்துபோன தன் தாடையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மாசாணத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வீடு கிழக்கே இருந்து வடக்கே போனது, கண் மங்கியதாகப் பயந்தது, எல்லாம்.

“தினமுமா?” என்று கேட்டான்.

“தினமும் இல்ல. ஈரம் தட்டுன அன்னைக்கு எல்லாம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா காவல்ல நிக்கும்போதும் உங்களுக்கு இங்கனயே நெனப்பு இருக்கும். போன வருஷம் மாதிரி மறுபடி ஆயிரக் கூடாதுன்னுதான்” என்றாள் ஆவுடை.

போன வருஷத்தைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது. மாசாணம் தலை குனிந்தான். அன்றைக்குக் கரையில் பேசிக்கொண்டு நின்றது சுடலையோடுதான் என்று, இத்தனை நாளும் தொண்டையில் சிக்கிக் கிடந்ததைச் சொன்னான். சுடலை பேச்சுக் கொடுத்துவிட்டு நழுவியதை அவன் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்றாள் அவள். இனி அது இந்தப் பக்கம் வராது என்றும் சொன்னாள். அவள் குரல் கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் கல்யாணமான புதிதில் இருந்தது போல அவள் முகம் தெளிந்திருந்ததை அவன் பார்த்தான். இருவரும் அருகருகே உட்கார்ந்து, வெகுநாள் கழித்து, ஒருவர் பகலை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆவுடை எழுந்திருக்கச் சொன்னாள். மாசாணம் எழுந்திருக்கவில்லை. அந்த நாலாவது இப்போதுதான் சூடாகியிருக்கிறது, இன்றைக்கு ஒரு நாள் நானே இருக்கிறேன் என்றான். ஆவுடையும் ரொம்ப வற்புறுத்தவில்லை. அவள் கண் ஏற்கனவே எதிர்க்கரைக் கோரைப் பக்கம் போய்விட்டிருந்தது. அடுத்த நாளும் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான். அதற்கடுத்த நாள் அவள் கேட்கவே இல்லை, எல்லையைச் சுற்றப் போய்விட்டாள். சுற்றிச் சுற்றிப் பறந்து, நன்றாகத் தின்று, அவள் உடம்பு வளர்ந்தது. அவன் உட்கார்ந்த இடத்தில் அரைவயிறாகத் தின்று அப்படியே நின்றுவிட்டான்.

முட்டைகள் பொரிந்தன. நாலாவதுதான் முதலில் ஓட்டை உடைத்தது. குஞ்சுகளுக்கும் அதே காலும் அதே விரலும். பஞ்சு உருண்டைக்குக் குச்சி செருகியது போல இலையெல்லாம் ஓடின. ஒரு நாள் பருந்தின் நிழல் குளத்தின் மேல் விழுந்தது. மாசாணம் யோசிக்கவில்லை. அன்றைக்கு முட்டையை அணைத்தது போலவே இறக்கைகளைத் தாழ்த்தினான். பக்கத்துக்கு இரண்டாக நாலும் உள்ளே புகுந்துகொண்டன. உடம்புகள் மறைந்தன, கால்கள் மறையவில்லை. அத்தனை கால்களும் கீழே தொங்க அவன் இலை இலையாக ஓடுவதைப் பார்த்த வடிவு, அண்ணாச்சிக்குப் பத்துக் கால் முளைத்திருக்கிறது என்று குளம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மாசாணம் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை சரிதான் என்றான்.

அன்று முதல்தான் இலைக்கோழிகளில் ஆண் அடைகாக்கிறது, அதைவிடப் பருமனான பெண் எல்லை காக்கிறது. கூட்டை அவை எதிலும் கட்டுவதில்லை, தண்ணீர் ஏறினால் இடம் மாற்றிவிடும். பொழுது சாயும் நேரம் குளக்கரையில் நின்றால், பூனை கூப்பிடுவது போல அல்லிக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் நீளமாகக் கேட்கும். வேலை முடிந்து திரும்பும் பெண்டாட்டி வழி தவறி நிற்கக் கூடாதே என்று, இன்றைக்கு வீடு எங்கே இருக்கிறது என்பதை அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.